அட்மிஷன் ஃபைலில் ஒரு தாள் சேருங்கள்: பல்கலைக்கழகப் பதிவாளர்களுக்கும் ஹாஸ்டல் வார்டன்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிவாளர்களுக்கும், மாணவர் நலப் பொறுப்பில் இருக்கும் பேராசிரியர்களுக்கும், ஹாஸ்டல் வார்டன்களுக்கும் வணக்கம்.

தமிழ்நாட்டில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தின் மருத்துவ மையத்தில் செவிலியராக வேலை பார்க்கிறேன். எந்த வளாகம் என்று சொல்லவில்லை. நான் எழுதப்போவது கிட்டத்தட்ட எல்லா வளாகத்துக்கும் பொருந்தும், ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் "அது அவங்க பிரச்சினை" என்று நகர்ந்துவிடுவார்கள்.

புதுக் கல்வியாண்டுக்கான அட்மிஷன் வேலை தொடங்கப்போகிறது. மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ராகிங் செய்ய மாட்டேன் என்ற உறுதிமொழி, பாஸ்போர்ட் அளவு போட்டோ, ரத்த வகை என்று ஒரு ஃபைல் நிறைய வாங்கி அடுக்கப்போகிறோம். இந்தப் பிள்ளை என்னென்ன தடுப்பூசி போட்டிருக்கிறது, எது விட்டுப்போயிருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ஓர் அறையில் மூன்று பேர், ஒரு தளத்துக்கு ஒரே குளியலறை வரிசை, ஆயிரம் பேருக்கு ஒரே சமையலறை என்று வாழப்போகிறவர்களிடம் கேட்டே ஆகவேண்டிய கேள்வி இது.

நான் கேட்பது ஒரே ஒரு தாள்தான். எந்த ஊசி, யாருக்கு, எத்தனை தவணை, எங்கே போய்ப் போட்டுக்கொள்வது, இலவசமா காசா, சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று தெளிவாக எழுதிய ஒரு தாள். அதை அட்மிஷன் ஃபைலோடு கொடுங்கள், ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள், வருஷா வருஷம் ஒருமுறை எடுத்துப் பார்த்துத் திருத்துங்கள்.

கொரோனா காலத்தில் இதை நாம் செய்து காட்டியவர்கள்தான். 2021 செப்டம்பர் 1 அன்று கல்லூரிகள் மறுபடி திறந்தபோது தடுப்பூசி பற்றிப் பேசாத வளாகம் கிடையாது. செப்டம்பர் 12 முதல் மாநிலம் முழுக்க மெகா தடுப்பூசி முகாம்கள் நடந்தன. அந்த நாட்களில் ஒரு வளாகம் நினைத்தால் என்ன முடியும் என்று பார்த்தவர்கள் நாம். ஆனால் அதற்கு அடுத்து வந்த பூஸ்டர் விஷயத்தில் என்ன நடந்தது என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 2022 ஜனவரி 10 அன்று முன்னெச்சரிக்கைத் தவணை என்ற பெயரில் சுகாதாரப் பணியாளர்கள், முன்களப் பணியாளர்கள், இணைநோய் உள்ள 60 வயதைத் தாண்டியவர்கள் ஆகியோருக்கு மட்டும் தொடங்கியது. ஏப்ரல் 10 முதல் 18 வயது நிரம்பிய எல்லோரும் போடலாம் என்றார்கள், ஆனால் தனியார் மையத்தில், ஒரு டோஸ் 225 ரூபாய், அதற்கு மேல் சேவைக் கட்டணம் 150 ரூபாய் வரை. அதே ஏப்ரலில்தான் சென்னை ஐஐடி வளாகத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று வந்தது. பிறகு ஜூலையில் இரண்டாவது டோஸுக்கும் பூஸ்டருக்கும் இடையே 9 மாதம் என்று இருந்ததை 6 மாதமாகக் குறைத்தார்கள், ஜூலை 15 முதல் 75 நாட்களுக்கு அரசு மையங்களில் இலவசம் என்று அறிவித்தார்கள்.

இத்தனை மாற்றமும் ஏழு மாதத்துக்குள். அந்த நேரத்தில் நம் நோட்டீஸ் போர்டுகளில் என்ன ஒட்டியிருந்தது? "மாணவர்கள் அனைவரும் தகுந்த தடுப்பூசி எடுத்துக்கொள்ளுமாறு அறிவுறுத்தப்படுகிறார்கள்." அவ்வளவுதான். தகுந்த என்றால் எது, எத்தனை நாள் கழித்து, எந்த மையத்தில் என்று எதுவும் இல்லை. காசு கொடுக்க முடியாமல் ஏப்ரலில் விட்ட பையனுக்கு ஜூலையில் இலவசமாகக் கிடைக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை. அந்த 75 நாள் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஊசி இருந்தது, சுகாதார நிலையம் பக்கத்திலேயே இருந்தது, செய்தி மட்டும் போய்ச் சேரவில்லை.

கொரோனா பூஸ்டர் இப்போது எல்லா மாணவர்களுக்கும் வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் அவசரநிலையை விலக்கிக்கொண்டது. அதற்கு முன்பே, மார்ச்சில், நிறுவனத்தின் நிபுணர் குழு முதியவர்கள், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள், கடுமையான இணைநோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், மருத்துவப் பணியாளர்கள் ஆகியோருக்கு முன்னுரிமை என்றும், ஆரோக்கியமான இளைஞர்களுக்கு அந்த அளவுக்கு அவசரமில்லை என்றும் பிரித்துச் சொல்லிவிட்டது. வளாகத்தில் சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்ட பேராசிரியர் இருக்கலாம், புற்றுநோய்க்கு மருந்து எடுக்கும் அலுவலக உதவியாளர் இருக்கலாம். அவர்கள் கொரோனாவுக்கும் ஃபுளூவுக்கும் தங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டும் என்று அந்தத் தாளில் இரண்டு வரி இருந்தால் போதும். ஃபுளூ ஊசி வருஷத்துக்கு ஒருமுறை போட வேண்டியது, போன வருஷம் போட்டது இந்த வருஷத்துக்கு உதவாமல் போகலாம் என்பது படித்தவர்களில்கூடப் பல பேருக்குத் தெரியவில்லை.

என்னை இந்த மடல் எழுத வைத்தது அம்மைதான். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

மாசி, பங்குனி பிறந்தால் ஹாஸ்டலில் சின்னம்மை வந்துவிடும். ஒரு அறைக்கதவில் வேப்பிலை செருகியிருக்கும். உள்ளே ஒருவன் போர்வையைப் போர்த்திப் படுத்திருப்பான், முகத்திலும் முதுகிலும் நீர் கோத்த கொப்புளங்கள், அறை நண்பர்கள் இரண்டு பேரும் அதே அறையில் இருப்பார்கள், மெஸ்ஸிலிருந்து மோர் சாதம் வாங்கி வந்து கொடுத்துவிட்டு அப்படியே வகுப்புக்குப் போவார்கள். வார்டனுக்குத் தெரிந்ததும் வரும் முதல் உத்தரவு "வீட்டுக்கு அனுப்பு". பையன் அன்று ராத்திரியே பேருந்து ஏறுவான். எட்டு மணி நேரப் பயணம், பக்கத்து இருக்கையில் கைக்குழந்தையோடு ஒரு தாய் இருக்கலாம், கர்ப்பிணி இருக்கலாம். கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே அது பரவத் தொடங்கிவிடும், எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை பரவும். அதனால் அவனைப் பேருந்தில் ஏற்றிவிட்டதால் ஹாஸ்டல் தப்பித்துவிட்டது என்று நினைப்பது சரியில்லை. அறை நண்பர்களுக்கு எப்போதோ ஒட்டியிருக்கும், 10 நாள் முதல் 21 நாளுக்குள் அது வெளியே தெரியும். அதற்குள் செமஸ்டர் தேர்வு வந்துவிடும்.

வேப்பிலை வைக்க வேண்டாம் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். அது அவரவர் நம்பிக்கை. என் கேள்வி அந்த இரண்டு அறை நண்பர்களைப் பற்றியது. இதுவரை சின்னம்மை வராதவர்கள், ஊசியும் போடாதவர்கள் என்றால், தொடர்பு ஏற்பட்ட மூன்று நாளுக்குள், அதிகம் போனால் ஐந்து நாளுக்குள் தடுப்பூசி போட்டால் நோய் வராமல் தடுக்கலாம், வந்தாலும் கடுமை குறையும். இது புதுக் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை, மருத்துவப் புத்தகங்களில் இருப்பதுதான். ஆனால் அந்த மூன்று நாளைத்தான் நாம் "யார் அனுமதி கொடுப்பது", "பெற்றோருக்குத் தகவல் சொல்லியாச்சா", "காசு யார் கட்டுவது" என்று பேசியே கழிக்கிறோம். சின்னம்மை ஊசி அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இல்லை. தனியாரிடம்தான் வாங்க வேண்டும், பெரியவர்களுக்கு நான்கு முதல் எட்டு வார இடைவெளியில் இரண்டு டோஸ். உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிப்பது என்பதால் கர்ப்பிணிகளுக்கும் எதிர்ப்பு சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கும் போடக்கூடாது. இந்தச் சில வாக்கியங்கள் முன்கூட்டியே ஒரு தாளில் இருந்தால், வசதியுள்ள பெற்றோர் பிள்ளையைச் சேர்க்கும்போதே போட்டு அனுப்பிவிடுவார்கள். வசதியில்லாத பிள்ளைகளுக்கு மாணவர் நல நிதியிலிருந்து கொடுங்கள். ஆண்டு விழாவுக்கு மேடைப் பந்தல் போடும் செலவோடு பார்த்தால் இது பெரிய தொகையே இல்லை.

இதோடு ஒட்டிய இன்னொரு விஷயம், அட்டெண்டன்ஸ். 75 சதவீதம் இல்லையென்றால் தேர்வு எழுத விடமாட்டோம், குறைந்தால் மருத்துவச் சான்றிதழும் அபராதமும் கட்டு என்று வைத்திருக்கிறோம். அதனால் என்ன ஆகிறது தெரியுமா? கொப்புளத்தை முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு பிள்ளைகள் இன்டர்னல் தேர்வு எழுதுகிறார்கள். மருத்துவ மையத்துக்கு வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று வராமலே இருக்கிறார்கள். பரவும் நோய் உள்ள மாணவர் தனிமையில் இருக்கும் நாட்களுக்கு வருகைப்பதிவு கொடுக்கப்படும், தேர்வு பின்னால் வைக்கப்படும் என்று ஒரு உத்தரவு போடுங்கள். அது வந்தால்தான் எங்கள் மையத்தின் கதவை முதல் நாளே தட்டுவார்கள்.

அடுத்தது தட்டம்மையும் ரூபெல்லாவும். 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகம், புதுச்சேரி, கோவா, லட்சத்தீவு ஆகிய இடங்களில் ஒரே நேரத்தில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. 9 மாதக் குழந்தை முதல் 15 வயது நிரம்பாத பிள்ளைகள் வரை எல்லோருக்கும், பள்ளிக்கூடத்திலேயே. அப்போது வாட்ஸ்அப்பில் எப்படியெல்லாம் வதந்தி பரவியது என்று உங்களில் பிள்ளை பெற்றவர்களுக்கு நன்றாகவே நினைவிருக்கும். "நம்ம பிள்ளைங்க மேல பரிசோதனை பண்றாங்க" என்றார்கள், ஊசிக்குப் பின்னால் பிள்ளைகள் செத்துப்போகிறார்கள் என்றார்கள். பயந்துபோன பெற்றோர் முகாம் நாளன்று பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பவில்லை, இல்லையென்றால் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அந்தப் பிள்ளைகள்தான் இன்று நம் வகுப்பறைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அன்று தொடக்கப்பள்ளியிலும் நடுநிலைப்பள்ளியிலும் இருந்தவர்கள் இன்று கல்லூரிக்கு வந்துவிட்டார்கள். இவர்கள் கைக்குழந்தையாக இருந்தபோது போட்டது தட்டம்மைக்கு மட்டுமான ஊசி, ரூபெல்லா அதில் கிடையாது. ரூபெல்லா அந்த முகாமுக்குப் பின்தான் வழக்கமான அட்டவணைக்குள் வந்தது. அப்படியானால் 2017 இல் அந்த ஒரு நாளைத் தவறவிட்ட பெண்ணுக்கு, பெற்றோர் தனியாக எம்.எம்.ஆர். ஊசி (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடுவது) போட்டிருந்தால் ஒழிய, ரூபெல்லாவுக்கு எதிராக ஊசியால் வந்த பாதுகாப்பு எதுவும் இல்லை. ரூபெல்லா அவளுக்கு வந்தால் இரண்டு மூன்று நாள் லேசான காய்ச்சல், உடம்பில் சிவப்புத் தடிப்பு, அவ்வளவுதான். ஆனால் கர்ப்பத்தின் முதல் மாதங்களில் வந்தால் பிறக்கும் குழந்தைக்குக் காது கேட்காமல் போகலாம், கண்ணில் புரை விழலாம், இதயத்தில் குறை வரலாம். கல்யாணமாகி ஆய்வுப் படிப்பில் இருக்கும் பெண்கள் எத்தனை பேர் நம் வளாகங்களில்! இளம் விரிவுரையாளர்கள் எத்தனை பேர்! கர்ப்பமாவதற்கு முன்பே போட வேண்டிய ஊசி இது, போட்ட பிறகு ஒரு மாதமாவது கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். இதை ஒரு பெண் டாக்டரோ நர்ஸோ முதலாண்டு அறிமுக வாரத்தில் பத்து நிமிஷம் எடுத்துச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

பொன்னுக்கு வீங்கியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அரசு போடும் தட்டம்மை-ரூபெல்லா ஊசியில் அது சேராது, எம்.எம்.ஆர். ஊசியில்தான் உண்டு.

பெண்கள் ஹாஸ்டலுக்குப் போகும்போதெல்லாம் என்னிடம் ரகசியமாகக் கேட்கப்படும் கேள்வி எச்.பி.வி. ஊசியைப் பற்றியது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் அந்த ஊசியை 9 முதல் 14 வயதுக்குள் போடுவது சிறப்பு, அரசுகளின் கவனமும் அந்த வயதுப் பெண்கள் மேல்தான் இருக்கிறது. ஆனால் 26 வயது வரை போடலாம் என்பது கல்லூரிப் பெண்களுக்கு யாரும் சொல்லாத செய்தி. 15 வயதைத் தாண்டினால் முதல் டோஸ், இரண்டு மாதத்தில் இரண்டாவது, ஆறு மாதத்தில் மூன்றாவது. நம் நாட்டு சீரம் நிறுவனத்தின் செர்வாவாக் என்ற எச்.பி.வி. ஊசி 2023 இல் சந்தைக்கு வந்த பிறகு வெளிநாட்டு ஊசியை மட்டும் நம்பியிருக்கும் நிலை மாறியிருக்கிறது. "கல்யாணமாகாத பொண்ணுக்கு எதுக்கு?" என்று கேட்கும் பெற்றோருக்குப் பதில், அதற்கு முன்பே போடுவதுதான் அதிகப் பலன் தரும் என்பதே. இதைச் சர்க்குலரில் எழுதக் கூச்சப்படாதீர்கள்.

ரத்தத்தின் வழியாகப் பரவிக் கல்லீரலைப் பாதிக்கும் ஹெபடைட்டிஸ் பி நோய்க்கான ஊசியை நான் வலியுறுத்திக் கேட்பது நர்சிங், மருத்துவ ஆய்வகம், பல் மருத்துவம், உயிரியல் ஆய்வு மாணவர்களுக்காக. அதே அளவுக்கு மருத்துவ மையத்தின் குப்பையை அள்ளும் அக்காக்களுக்காகவும். இந்த ஊசி 2002 இல் சோதனை முறையில் சில இடங்களில் தொடங்கி, 2007-08 இல் தமிழ்நாடு உட்பட 10 மாநிலங்களுக்கு வந்து, 2011 இல்தான் நாடு முழுக்கப் போனது. அப்படியானால் இப்போதிருக்கும் முதுநிலை மாணவர்களில், வெளிமாநிலத்திலிருந்து வந்தவர்களில், பலருக்குக் குழந்தைப் பருவத்தில் கிடைத்திருக்காது. மருத்துவமனைப் பயிற்சிக்குப் போகும் முன் மூன்று டோஸும் முடிந்திருக்க வேண்டும். 0, 1, 6 மாதம் என்பது கணக்கு, ஆகவே சேர்ந்த முதல் மாதமே தொடங்கினால்தான் ஆகும். மூன்றாவது டோஸ் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தப் பரிசோதனை செய்து பாதுகாப்பு வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவு 10 mIU/mL க்குக் குறையாமல் இருக்க வேண்டும். கையில் ஊசி குத்திய பிறகு அழுதுகொண்டே ஓடி வரும் இரண்டாம் ஆண்டுப் பெண்ணிடம் "நீ ஹெபடைட்டிஸ் ஊசி போட்டிருக்கியாம்மா?" என்று கேட்டால், வீட்டுக்கு போன் போட்டு அம்மாவிடம் கேட்கிறாள். அம்மாவுக்கும் தெரியவில்லை. தடுப்பூசி அட்டை எப்போதோ தொலைந்துவிட்டது. ரத்த வகையைப் போல இதுவும் ஃபைலில் இருந்திருக்க வேண்டிய விவரம்.

சரி, இதுவரை மாணவர்களைப் பற்றி அதிகம் பேசிவிட்டேன். வளாகம் என்றால் அவர்கள் மட்டும்தானா? மெஸ்ஸில் சாம்பார் கிளறும் மாஸ்டர், தட்டு கழுவுபவர்கள், கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி, கழிப்பறை கழுவுபவர்கள், தோட்டத்தில் வேலை செய்பவர்கள், இவர்களில் பெரும்பாலோர் காண்ட்ராக்ட் ஆட்கள். சர்க்குலர் இவர்களுக்குப் போகாது, ஏனென்றால் இவர்கள் யாரும் நம் சம்பளப் பட்டியலில் இல்லை. கிருமி சம்பளப் பட்டியலைப் பார்த்து வருவதில்லை. 2020 டிசம்பரில் சென்னை ஐஐடி ஹாஸ்டல்களில் கொரோனா பரவியபோது மெஸ்ஸை மூடிவிட்டு அறைக்கே சாப்பாட்டுப் பொட்டலம் அனுப்ப வேண்டியிருந்தது. ஒரு சமையலறை ஒரு வளாகத்தை எப்படி இணைக்கிறது என்று அப்போதே எல்லோரும் பார்த்தோம்.

உணவைக் கையாளும் ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், டைஃபாய்டு போன்ற குடல் சார்ந்த நோய்களுக்குத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், அந்தப் பதிவைச் சமையலறையிலேயே வைத்திருக்க வேண்டும். இது உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிகளில் இருப்பது, நான் புதிதாகச் சொல்வது எதுவுமில்லை. உங்கள் மெஸ் காண்ட்ராக்டரிடம் அந்தப் பதிவைக் கேட்டுப் பாருங்கள். கேட்டு வாங்கும் வழக்கமே பல இடங்களில் இல்லை, டெண்டர் நேரத்தில் எல்லோருக்கும் ஒரே தேதியில் ஒரே டாக்டர் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் வந்து ஃபைலில் உட்கார்ந்துவிடும். புது டைஃபாய்டு ஊசி ஒரே ஒரு டோஸ்தான், நம் நாட்டிலேயே தயாராகிறது, உலக சுகாதார நிறுவனத்தின் தர ஒப்புதலும் பெற்றது. அந்தச் செலவைக் காண்ட்ராக்டர் ஏற்க வேண்டும் என்று டெண்டரில் ஒரு வரி சேருங்கள், தொழிலாளியின் கூலியிலிருந்து பிடிக்கக் கூடாது என்று அடுத்த வரி சேருங்கள். தயவுசெய்து அந்தத் தாளை இந்தியிலும் வங்காளத்திலும் ஒடியாவிலும் அச்சடியுங்கள். நம் மெஸ்களில் இன்று வேலை செய்பவர்களில் எத்தனை பேர் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் என்று உங்களுக்கே தெரியும்.

நாய்க்கடி. வளாகத்தில் நாய்கள் இருக்கலாமா கூடாதா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. கடித்தால் என்ன செய்வது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்கக்கூடாது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரேபிஸ் என்ற வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி இலவசம், தோலுக்குள் போடும் முறையில் அன்று, 3 ஆம் நாள், 7 ஆம் நாள், 28 ஆம் நாள். ரத்தம் வந்த கடி என்றால் ஊசி மட்டும் போதாது, காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற, உடனடிப் பாதுகாப்பு தரும் எதிர்ப்பொருள் மருந்தும் போட வேண்டும். அது எல்லாச் சுகாதார நிலையத்திலும் கிடைக்காது, பக்கத்தில் எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்துத் தாளில் எழுதி வைக்க வேண்டும். நான் அடிக்கடி பார்ப்பது, காயம் ஆறியதும் மூன்றாவது, நான்காவது ஊசியை விட்டுவிடுவது. செமஸ்டர் லீவு வந்துவிட்டது, ஊருக்குப் போய்விட்டேன் சிஸ்டர் என்பார்கள். ஊரிலிருக்கும் சுகாதார நிலையத்திலேயே அதைத் தொடரலாம், சீட்டை மட்டும் பத்திரமாக எடுத்துப் போனால் போதும் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அறிகுறி தெரிந்தபின் கிட்டத்தட்ட யாருமே பிழைக்காத நோய் இது. அந்த நாய்களுக்குத் தினம் சோறு வைக்கும் மாணவர்கள், விலங்கியல், கால்நடைத் துறை மாணவர்கள், வாட்ச்மேன்கள், இவர்களுக்குக் கடி படுவதற்கு முன்பே போடும் ஊசித் தவணையும் உண்டு.

டெட்டனஸ் என்ற ரண ஜன்னி பற்றி ஒரு வார்த்தை. பள்ளியில் 10 வயதிலும் 16 வயதிலும் போடுவதோடு சரி, அப்புறம் பத்து வருஷத்துக்கு ஒருமுறை போட வேண்டும் என்பது யார் நினைவிலும் இருப்பதில்லை. வொர்க்‌ஷாப்பில் வேலை செய்பவர்களும் தோட்டக்காரர்களும் இதில் முதலில் வர வேண்டும். இப்போது போடுவது ரண ஜன்னியோடு தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்துப் போடும் ஊசி, ஆகவே ஒன்றுக்கு இரண்டு லாபம்.

கட்டாயப்படுத்தலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். கொரோனா தடுப்பூசியைக் கட்டாயமாக்குவதை எதிர்த்த ஜேக்கப் புலியேல் வழக்கில் 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம், யாரையும் தடுப்பூசி போடும்படி வற்புறுத்த முடியாது என்று சொன்னது, பொது நலனுக்காகக் கட்டுப்பாடு விதிக்கலாம் என்றாலும் அது நிலைமைக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. ஊசி போடாதவனை ஹாஸ்டலில் சேர்க்க மாட்டேன் என்று நீங்கள் கிளம்பினால் போலிச் சான்றிதழ்தான் வந்து குவியும். அதைவிட, கேள்வி கேட்கிறவருக்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் ஆளாக நாம் இருக்க வேண்டும். முட்டை ஒவ்வாமை இருக்கிறது, முன்பு ஓர் ஊசிக்கு மயக்கம் வந்தது, தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன் போடலாமா, என் மதத்தில் இது சரியா என்று எத்தனையோ விதமாகக் கேட்பார்கள். எதையும் அலட்சியமாகத் தள்ளக்கூடாது. ஊசி போடாதவர்களின் பெயரை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவது, வகுப்பில் எழுந்து நிற்க வைப்பது, வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் போடுவது, இவை எதுவும் கூடவே கூடாது. அது அந்த மாணவரின் உடம்பைப் பற்றிய விவரம். மருத்துவ மையத்தின் பதிவேட்டோடு நிற்க வேண்டும்.

முகாம் நடத்துவதில் சில நடைமுறைகள். புதன்கிழமை நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் குழந்தைகளுக்கான தடுப்பூசி நாள், அன்று அவர்களுக்குக் கைகொள்ளாத வேலை இருக்கும், வளாக முகாமுக்கு வேறு நாள் கேளுங்கள். செமஸ்டர் தேர்வுக்கு முந்தின வாரம் வைக்காதீர்கள், ஒரு நாள் காய்ச்சலும் கைவலியும் வரத்தான் செய்யும். பிள்ளைகள் காலையில் சாப்பிட்டுவிட்டு வரட்டும். ஊசி போட்டதும் அரை மணி நேரம் உட்கார வைக்க இடம் வேண்டும், இளம் வயதில் ஊசியைக் கண்டு மயங்கி விழுவது சகஜம், நின்றுகொண்டிருந்தால் தலையில் அடிபடும். அலர்ஜி வந்தால் போட அட்ரினலின் மேசையிலேயே இருக்க வேண்டும், பூட்டிய அலமாரியில் இருந்து பிரயோஜனமில்லை. காண்ட்ராக்ட் தொழிலாளர்களுக்கு ஷிப்ட் முடிந்த பிறகு வரச் சொல்லாதீர்கள், வேலை நேரத்திலேயே கூலி பிடிக்காமல் அனுப்புங்கள். அப்போதுதான் வருவார்கள்.

இந்த வேலைக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். குழு வேண்டாம், குழு என்றால் இரண்டு கூட்டத்தோடு நின்றுவிடும். பெயர் சொல்லி ஒரு டாக்டரையோ நர்ஸையோ நியமியுங்கள், அவருடைய வளாக எண்ணை அந்தத் தாளில் அச்சடியுங்கள், வாரத்தில் சில மணி நேரம் இதற்கென்றே ஒதுக்கிக் கொடுங்கள். மாவட்ட சுகாதார அலுவலர் அலுவலகத்துக்கும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் உங்கள் கையெழுத்தில் ஒரு கடிதம் போனால் அவர்கள் உதவுவார்கள். எங்களைப் போன்றவர்கள் போய்க் கேட்பதற்கும் பதிவாளர் எழுதிக் கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

ஹாஸ்டல் அட்மிஷன் விண்ணப்பம் அச்சுக்குப் போவதற்கு முன் உங்கள் வளாகத்தின் மருத்துவ அலுவலரையும் நர்ஸையும் அழைத்து அரை மணி நேரம் பேசுங்கள். வேண்டிய விவரமெல்லாம் அவர்களிடமே இருக்கிறது, இதுவரை யாரும் கேட்கவில்லை என்பதுதான் குறை. விண்ணப்பம் ஏற்கெனவே அச்சாகிவிட்டது என்றால் தனித் தாளாக அடித்து உள்ளே செருகுங்கள், சாவி கொடுக்கும் நாளன்று பெற்றோர் பக்கத்தில் இருக்கும்போதே கொடுங்கள். அம்மாவும் அப்பாவும் கூட நிற்கும் அந்த ஒரு நாளில்தான் எந்த ஊசி போட்டது, எது போடவில்லை என்று கேட்டு எழுதிக்கொள்ளவும் முடியும்.

இப்படிக்கு,
ஒரு வளாக மருத்துவ மையத்தின் செவிலியர்